இ.சி.ஜி. சரியாக இருக்கிறது, பயம் மட்டும் போகவில்லை

நெஞ்சு அடைக்கிறது, மூச்சு இழுக்க முடியவில்லை, கை மரத்துப்போகிறது என்று நடு இரவில் மருத்துவமனைக்கு ஓடுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு இதயத்தில் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. இ.சி.ஜி. எடுப்பார்கள். இரத்தம் எடுப்பார்கள். சில மணி நேரம் படுக்க வைத்துப் பார்ப்பார்கள். விடிகிற நேரத்தில் "ஒன்னும் இல்ல, வீட்டுக்குப் போகலாம்" என்பார்கள். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. படுத்துக் கிடந்தவருக்கு மட்டும் நிம்மதி இல்லை. சாவு வரைக்கும் போய்த் திரும்பியதாக அவருடைய உடம்பு சொல்கிறது, கையில் இருக்கும் காகிதமோ ஒன்றுமில்லை என்கிறது. இரண்டில் எதை நம்புவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் பட்டணமான சுங்கை சிப்புட்டில் இப்படிக் குழம்பி நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பேனிக் அட்டாக் என்ற பெயரை இப்போது இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். தமிழில் பீதித் தாக்கு என்று வைத்துக்கொள்வோம். பெயர் பரவிவிட்டது, ஆனால் அந்த நேரத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. அது தெரியாமல் இருப்பதுதான் இந்த நோயில் பாதி என்பது என் கருத்து. தாக்கு அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். யாரும் விளக்கிச் சொல்லாததால் அதன் பிறகு வருகிற பயம்தான் வருடக்கணக்கில் ஆளை வீட்டுக்குள் உட்கார வைத்துவிடுகிறது.

எங்கள் பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு தம்பி இருக்கிறார். தோட்டத்திலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரி ஓட்டுநர். முப்பது தாண்டிய வயது, நல்ல உடல்வாகு. ஒரு மதியம் ஆலை வாசலில் லோரிகள் வரிசை பிடித்து நின்றுகொண்டிருந்தன. வெயில், முதல் நாள் இரவு சரியான தூக்கமில்லை, காலையிலிருந்து வயிற்றில் கோப்பியைத் தவிர வேறெதுவும் இல்லை. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. உதட்டைச் சுற்றி ஊசி குத்துவதுபோல் இருந்தது. மூச்சைப் பலமாக இழுக்க இழுக்க மூச்சு போதவில்லை. அப்புறம் இரண்டு கை விரல்களும் தாமாகவே ஒன்றுசேர்ந்து குவிந்து, மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கிக்கொண்டது. பிரிக்கப் பார்த்தால் முடியவில்லை. "அண்ணே, ஸ்ட்ரோக்குதான்னு முடிவே பண்ணிட்டேன். பிள்ளைங்க முகம்தான் கண்ணு முன்னால வந்துச்சு" என்றார். பின்னால் நின்ற லோரிக்காரர் ஓடி வந்து அவரை ஒரு காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். போகிற வழியிலேயே விரல்கள் விரிந்துவிட்டன. மருத்துவர் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருந்தது.

சரி, அந்த விரல்கள் ஏன் மடங்கின? இதற்குத் தெளிவான பதில் உண்டு. அந்தப் பதிலை அவருக்கு அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால், பிறகு அவர் பட்ட பாட்டில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

உடம்புக்குள் நடப்பது

ஆபத்து என்று மூளை முடிவு செய்த அடுத்த நொடியே சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கொட்டுகின்றன. எதிர்த்து நில் அல்லது ஓடிவிடு என்ற இந்த ஏற்பாட்டை 1915-லேயே அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் விவரித்தார். ஓடுவதற்குத் தசைகளுக்கு இரத்தம் வேண்டும், அதனால் இதயம் வேகமாக அடிக்கிறது. செரிமானம் இப்போதைக்கு வேண்டாம் என்று குடலுக்குப் போகும் இரத்தம் குறைகிறது, வயிறு பிசைகிறது. உடம்பு சூடேறாமல் இருக்க வியர்க்கிறது. கண்மணி விரிகிறது, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. மூச்சு வேகமெடுக்கிறது. செம்பனைக் காட்டில் நாகப்பாம்பு எதிரே வந்தால் இதே மாற்றங்கள் எல்லாம் நடக்கும். அப்போது யாரும் அதை நோய் என்று சொல்வதில்லை, ஏனென்றால் பாம்பு கண்ணுக்குத் தெரிகிறது. பீதித் தாக்கில் பாம்பு இல்லை. தீயே இல்லாமல் ஆலையில் அபாயச் சங்கு ஊதிவிட்ட மாதிரி. சங்கு வேலை செய்கிறது, எல்லாரும் ஓடுகிறார்கள், ஓட வேண்டிய காரணம் மட்டும் இல்லை.

மூச்சு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆளைக் கலங்கடிப்பது பெரும்பாலும் அதுதான். மூச்சு போதவில்லை என்று தோன்றுகிறது, அதனால் வேகமாக, ஆழமாக இழுக்கிறோம். உண்மையில் அந்த நேரத்தில் உடம்பில் ஆக்சிஜனுக்குக் குறைவே இல்லை. மருத்துவமனையில் விரலில் மாட்டும் கருவி 98, 99 என்றுதான் காட்டும். அளவுக்கு மீறி மூச்சு விடுவதால் குறைவது கரியமில வாயு. இது கழிவு வாயு என்று பள்ளியில் படித்திருப்போம், ஆனால் இரத்தத்தின் அமிலத் தன்மையைச் சமநிலையில் வைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது குறைந்தால் இரத்தம் காரத் தன்மை பக்கம் சாய்கிறது. அப்படிச் சாயும்போது இரத்தத்தில் கட்டற்று ஓடும் கால்சியத்தில் ஒரு பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. நரம்புகளுக்குக் கிடைக்கும் கால்சியம் குறைந்தால் அவை சின்னத் தூண்டலுக்கே துள்ளும். உதட்டைச் சுற்றிச் சுருக்கென்று குத்துவதும், விரல் நுனிகள் மரத்துப்போவதும், கடைசியில் கை விரல்கள் குவிந்து மடங்கிக்கொள்வதும் அதனால்தான். மூச்சு நிதானமானால் சில நிமிடங்களில் வாயு பழைய அளவுக்கு வரும், கை தானாக விரியும். அந்த ஓட்டுநருக்கு நடந்தது இதுவே. பக்கவாதத்தில் சாதாரணமாக ஒரு பக்கம் தளர்ந்து போகும். இரண்டு கைகளும் ஒரே சமயத்தில் இறுகி மடங்குவது அதன் வழக்கம் அல்ல.

கரியமில வாயு குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களும் சற்றுச் சுருங்கும். தலை கிறுகிறுக்கும். சுற்றியிருப்பவர்கள் தூரத்தில் நிற்பதுபோலவும், நடப்பதெல்லாம் நிஜமில்லாததுபோலவும் தோன்றும். 'பைத்தியம் பிடிக்கப் போகிறது' என்ற பயம் இங்கேதான் பிறக்கிறது. பீதித் தாக்கினால் யாருக்கும் பைத்தியம் பிடிப்பதில்லை. மயங்கி விழுந்துவிடுவோம் என்று பயப்படுகிறவர்களும் அதிகம். மயக்கம் பொதுவாக இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்போது வருவது. பீதித் தாக்கின்போது அழுத்தம் சற்று ஏறித்தான் இருக்கும், அதனால் கிறுகிறுப்பு வந்தாலும் உண்மையில் மயங்கி விழுவது மிக அரிது. இரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் மயங்கும் சிலரின் கதை வேறு. அவர்களுக்கு மட்டும் அழுத்தம் இறங்கும்.

எவ்வளவு நேரம்? பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, அரை மணிக்குள் இறங்கிவிடும். அட்ரினலின் இரத்தத்தில் நீடித்து நிற்பதில்லை, உடம்பு அதைச் சில நிமிடங்களிலேயே சிதைத்துவிடும். மூன்று மணி நேரம் தாக்கு நீடித்தது என்று சிலர் சொல்வது பொய்யல்ல. முதல் அலை இறங்கும்போதே 'மறுபடியும் வருமோ' என்ற எண்ணம் அடுத்த அலையைக் கிளப்பிவிடுகிறது. எல்லாம் அடங்கிய பிறகு உடம்பு அடித்துப் போட்டதுபோல் அசந்துவிடும். அதையும் நோயாக எண்ணிப் பயப்படத் தேவையில்லை, அவ்வளவு ஓட்டத்துக்குப் பிறகு வரும் களைப்பு அது.

தூக்கத்திலும் இது வரும். கனவே இல்லாமல், திடீரென்று மூச்சுத் திணறி எழுந்து உட்காருவார்கள். 'அமுக்குவான் பேய்' என்று தோட்டத்தில் சொன்னதில் சில இதுவாகவும் இருந்திருக்கலாம்.

மூளையில் பயத்தின் இருப்பிடம் அமிக்டலா என்றுதான் நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். 2013-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பாம்பைக் கண்டாலும் பயம் வராத ஒருவர் உட்பட, அமிக்டலா இரண்டு பக்கமும் சேதமடைந்த சிலரை, கரியமில வாயு அதிகமாகக் கலந்து மூச்சு முட்ட வைக்கும் காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். அவர்களுக்கும் பீதித் தாக்கு வந்தது. மூச்சு முட்டும் உணர்வுக்கும் பீதிக்கும் இடையே தனிப் பாதை ஒன்று இருக்கிறது என்பதை இது காட்டியது. பயப்படாதே என்று வாயால் சொல்வது ஏன் பலன் தருவதில்லை என்பதும் இதிலிருந்து ஓரளவு புரிகிறது.

வட்டம்

ஒரே ஒரு தாக்கு வந்தால் அது நோயல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு மனநல ஆய்வுகளின்படி, வாழ்நாளில் ஒரு முறையாவது பீதித் தாக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர். அது பீதிக் கோளாறாக வளர்வதோ அதே நூறு பேரில் இரண்டு பேருக்கும் குறைவு. அப்படியானால் மற்றவர்களுக்கு என்ன ஆனது? அவர்களுக்கும் அதே படபடப்பு வந்தது, போனது. 'தூக்கம் கெட்டுப்போச்சு, அதான்' என்று விட்டுவிட்டார்கள்.

விடாதவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதை 1986-இல் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் தெளிவாக எடுத்துச் சொன்னார். உடம்பில் சாதாரணமாக ஏதோ ஒரு மாற்றம், மாடிப்படி ஏறிய படபடப்போ, பசிக் கிறுகிறுப்போ எழுகிறது. அதை மாரடைப்பின் அறிகுறி என்று மனம் தப்பாகப் படிக்கிறது. பயம் வருகிறது. பயத்தால் அட்ரினலின், அதனால் இன்னும் படபடப்பு. 'பார், நான் நினைத்தது சரிதான்' என்று பயம் கூடுகிறது. இப்படியே சுற்றிச் சுற்றி உச்சத்துக்குப் போகிறது. சங்கிலியில் அறுக்கக்கூடிய கண்ணி அந்தத் தப்பான படிப்புதான். அதனால்தான் 'ஒன்னும் இல்ல' என்ற பதில் போதாது என்கிறேன். அது மாரடைப்பு இல்லை என்று மட்டும் சொல்கிறது. வந்தது என்ன என்று சொல்வதில்லை. அந்த வெற்றிடத்தில் மனம் தனக்குத் தெரிந்த மிக மோசமான விளக்கத்தைப் போட்டு நிரப்பிக்கொள்கிறது.

ஓட்டுநர் தம்பிக்கு நடந்ததும் அதுதான். முதலில் அந்த ஆலைக்குப் போகும் டிரிப்பை மட்டும் மாற்றிக் கேட்டார். பிறகு நெடுஞ்சாலை வேண்டாம் என்றார், அங்கே நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தித் திருப்ப முடியாது. பிறகு தனியாக ஓட்ட மாட்டேன் என்று மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். சட்டைப் பையில் தைலம், இருக்கைக்கு அடியில் தண்ணீர்ப் புட்டி, கைப்பேசியில் மருத்துவமனை எண் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஒரு நாளைக்குப் பலமுறை நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டார். இவை ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்கு ஆறுதல் தந்தது. ஆனால் ஒவ்வொன்றும் அவர் மூளைக்கு ஒரே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்தது: தைலம் இருந்ததால் பிழைத்தாய், மனைவி இருந்ததால் பிழைத்தாய். தானாகவே அடங்கும் விஷயம் இது என்பதைக் கண்டுகொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை. கடைசியில் லோரியை விட்டுவிட்டார். தாக்கு திரும்பத் திரும்ப வந்து, அதில் ஒன்றுக்குப் பிறகாவது ஒரு மாதமோ அதற்கு மேலோ 'மறுபடி வருமோ' என்ற கவலையோ, இப்படி வாழ்க்கையையே மாற்றிக்கொள்வதோ தொடர்ந்தால், அதை மருத்துவர்கள் பீதிக் கோளாறு என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது தனி நோயாக இடம்பெற்றது 1980-இல்தான். அதற்கு முன் பதற்ற நோய் என்ற பொதுப் பெயருக்குள்ளேயே இதையும் அடக்கியிருந்தார்கள்.

பெண்களுக்கு இது ஆண்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது. பதின்ம வயதின் கடைசியிலிருந்து முப்பதுகளின் நடுவுக்குள் தொடங்குவதுதான் வழக்கம். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் வாய்ப்பு கூடும். தொடங்குவதற்கு முன் பெரும்பாலும் மனத்தையோ உடம்பையோ வருத்திய காலம் ஒன்று இருக்கும்: சாவு, பிரசவம், கடன், வேலை போவது.

நம் பட்டணத்தில் இந்தக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. தோட்டத்தில் வேலை ஓய்ந்தால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்ற கவலையில் வளர்ந்த தலைமுறை இது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன, பிள்ளைகள் ஈப்போ பக்கத் தொழிற்சாலைகளுக்கு சிஃப்ட் வேலைக்குப் போனார்கள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறும் வேலையில் தூக்கம் கெடுகிறது. விழித்திருக்க எனர்ஜி டிரிங்க், கோப்பி ஓ. காபின் அதிகமானால் படபடப்பு வரும், பீதித் தாக்கு வரும் உடம்புள்ளவர்களுக்கு அது நேரடியாகவே தாக்கைக் கிளப்பும். ஆலோங் என்ற கந்துவட்டிக்காரரிடம் வாங்கிய கடன் வேறு. குலை வெட்டுகிறவருக்கு டன் கணக்கில் கூலி, ஒரு நாள் படுத்தால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. எம்.சி. என்ற மருத்துவ விடுப்பு எடுக்கவே யோசிக்கும் மனிதர் மனநலத்துக்காக விடுப்பு கேட்பாரா?

இன்னொரு தடையும் உண்டு. சுங்கை சிப்புட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம் தஞ்சோங் ரம்புத்தானுக்கு. அங்கே 1911-இல் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை இருப்பதால், அந்த ஊர்ப் பெயரே பேராக் முழுக்க ஏச்சாகிவிட்டது. 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்' என்று பிள்ளையைத் திட்டும் வீட்டில், மருத்துவர் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தால் யார் அதை வெளியில் சொல்வார்கள்? கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு மந்திரிக்கப் போனவர்களை எனக்குத் தெரியும். கோயிலுக்குப் போவதையும் திருநீறு பூசிக்கொள்வதையும் நான் குறை சொல்ல மாட்டேன். மனம் அமைதி அடைந்தால் நல்லதுதான். ஆனால் 'யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள்' என்று சொல்லி நூற்றுக்கணக்கில் ரிங்கிட் வாங்குகிறவர்கள் பணத்தோடு நிற்பதில்லை. வீட்டுக்குள் சந்தேகத்தையும் விதைத்துவிடுகிறார்கள். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்ற குடும்பங்கள் உண்டு.

குடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு கிளாஸ் போட்டால் படபடப்பு அடங்குவது உண்மை. இறங்கும்போது, குறிப்பாகத் தினமும் குடிப்பவருக்கு, நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் கூடுதலாகத் திரும்பி வரும். அதை அடக்க மறுபடியும் குடி. நாட்பட்ட குடிகாரர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, வலிப்புகூட வரலாம். மருத்துவர் உதவியோடுதான் விட வேண்டும்.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்

முதல் முறை வந்தால் ஓடத்தான் வேண்டும். இதைப் படித்துவிட்டு 'இது வெறும் பீதித் தாக்குதான்' என்று யாரும் வீட்டில் படுத்துவிடக் கூடாது. 2019-இன் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களிடையே அது மற்ற இனங்களைவிட அதிகம். நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல்கூட மாரடைப்பு வரும். நெஞ்சை அமுக்கும் வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், நடக்கும்போது கூடி நின்றால் குறைந்தால், குமட்டலோடு குளிர்ந்து வியர்த்தால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறங்காமல் நீடித்தால், 999-ஐ அழைப்பதில் தயக்கமே வேண்டாம். ஒரு பக்கம் வாய் கோணுதல், பேச்சு குழறுதல், ஒரு கை தளர்தல் வந்தாலும் அப்படியே. வீண் அலைச்சலாக முடிந்தால் முடியட்டும்.

பீதித் தாக்கு போலவே தெரியும் வேறு கோளாறுகளும் உண்டு. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வரும். இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கினாலும் இதே மாதிரிதான் இருக்கும், அவருக்கு உடனே இனிப்புத் தண்ணீர் கொடுக்க வேண்டும். இரத்த சோகை, இதயத் துடிப்பு தாறுமாறாகும் சில நோய்கள், ஆஸ்துமா, இவையும் பட்டியலில் உண்டு. புகைமூட்டக் காலத்தில் ஆஸ்துமாவா பீதியா என்று பிரித்தறிவது சிரமம். இவற்றையெல்லாம் ஒரு முறை முறையாகப் பார்த்து ஒதுக்கிவிட்டால் போதும். அதன் பிறகு மாதத்துக்கு ஒரு கிளினிக் மாற்றி இ.சி.ஜி. எடுப்பது பயத்துக்குத் தீனி போடுவதாகிவிடும்.

தாக்கு வரும்போது

போராடாமல் இருப்பதே முதல் வேலை. நிறுத்த முயன்றால் கூடும். 'இது வந்திருக்கிறது, உச்சத்துக்குப் போகும், இறங்கும்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, முடிந்தால் இருக்கிற இடத்திலேயே இருப்பது நல்லது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்திவிட வேண்டும். மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்வது தப்பு, ஏற்கெனவே மூச்சு அதிகமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. மூக்கால் மெதுவாக, கொஞ்சமாக இழுத்து, அதைவிட நீளமாக வெளியே விட வேண்டும். நிமிடத்துக்கு ஆறேழு மூச்சு அளவுக்கு மெதுவானால் போதும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வழியை இப்போது மருத்துவர்கள் சொல்வதில்லை. அது மாரடைப்பாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கூட இருப்பவர்களின் பங்கு பெரியது. நம் ஊரில் யாருக்காவது மூச்சு வாங்கினால் பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவர் சோடா கொண்டு வருவார், ஒருவர் உள்ளங்காலைத் தேய்ப்பார், ஒருவர் அழ ஆரம்பிப்பார். எல்லாம் அன்பினால்தான். ஆனால் சுற்றியிருக்கும் முகங்களில் தெரியும் பீதி அவருடைய பீதியை இரட்டிப்பாக்கும். ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமான குரலில் "நான் இங்கதான் இருக்கேன், கொஞ்ச நேரத்துல இறங்கிடும்" என்று சொல்லி, தானும் மெதுவாக மூச்சு விட்டால் போதும். "தைரியமா இரு", "சும்மா நடிக்காத" என்ற இரண்டுமே வேண்டாம். தேர்வு மண்டபத்தில் மூச்சு வாங்கிய எஸ்.பி.எம். மாணவிக்கு ஆசிரியை ஒருவர் வெளியே கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, பத்து நிமிடத்தில் மறுபடி உள்ளே அனுப்பினார். அந்தப் பெண் தேர்வை எழுதி முடித்தாள். வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அடுத்த தாளுக்கு வந்திருப்பாளா என்பது சந்தேகம்.

குணமாக்கும் வழி

பீதிக் கோளாறு நன்றாகக் குணமாகக்கூடியது. மனநோய்களில் சிகிச்சைக்கு நல்ல பலன் தருபவற்றில் இதுவும் ஒன்று. இதை உரக்கச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இருபது வருடம் வீட்டை விட்டு வெளியே வராமல் காலத்தைக் கழித்த அக்காமார்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சு வழிச் சிகிச்சை முக்கியமானது. பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு அமர்வுகள். தாக்கின் வட்டத்தை விளக்குவதில் தொடங்கி, பயந்த உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைத்துப் பழகுவது வரை போகும். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடச் சொல்வார்கள், நெஞ்சு அடித்துக்கொள்ளும். நாற்காலியில் சுற்றச் சொல்வார்கள், தலை சுற்றும். உறிஞ்சு குழாய் வழியாக மூச்சு விடச் சொல்வார்கள், மூச்சு முட்டும். மாரடைப்பு வரவில்லை, மயக்கம் வரவில்லை என்று உடம்பே கற்றுக்கொள்கிறது. இதய நோயோ ஆஸ்துமாவோ கர்ப்பமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் செய்யக் கூடாது.

தவிர்த்த இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்பிப் போவது அடுத்தது. சந்தைக்குப் போகப் பயந்தால், முதலில் கூட்டமில்லாத நேரத்தில் வாசல் வரை, பிறகு உள்ளே, பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காலையில். ஒவ்வொரு படியிலும் பயம் தானாகக் குறையும் வரை அங்கேயே நிற்க வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடி வந்துவிட்டால், ஓடியதால் தப்பித்தேன் என்ற பாடம்தான் மிஞ்சும். ஈப்போ கல்லுமலைத் தைப்பூசக் கூட்டத்தைக் கடைசிப் படியாக வைத்துக்கொண்ட ஒரு அம்மா, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் வருடமும், பிடிக்காமல் அடுத்த வருடமும் போய் வந்தார். ஓட்டுநர் தம்பியும் இப்படித்தான் மீண்டார். தோட்டத்துக்குள் மட்டும் சின்ன லோரி, பிறகு ஆலை, கடைசியில் நெடுஞ்சாலை. தைலத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போன நாள்தான் தனக்குப் பெரிய நாள் என்கிறார்.

மாத்திரையும் பலன் தரும். செர்ட்ரலின், எஸ்சிட்டாலோபிராம் போன்றவைதான் முதல் தேர்வு. இரண்டு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். முதல் சில நாட்களில் படபடப்பு சற்றுக் கூடலாம் என்பதால் குறைந்த அளவில் தொடங்குவார்கள். இந்தச் செய்தியை முன்கூட்டியே சொல்லாததால் மூன்றாம் நாளே 'இந்த மருந்து எனக்கு ஒத்துக்கல' என்று வீசிவிடுகிறவர்கள் நிறையப் பேர். குணமான பிறகும் சில மாதங்கள், பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு மேல், தொடர வேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது, இவற்றுக்கு அடிமையாகிவிடுவோம் என்ற பயமும் வேண்டாம். அடிமையாக்கும் மருந்து வேறு வகை. அல்பிரசோலம், லோரசிப்பம் போன்றவை அரை மணியில் படபடப்பை அடக்கும், அதனால்தான் கேட்டு வாங்கச் சொல்லும். சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் விடுவது கடினம். புரோப்ரனோலோல் கொடுத்தால் ஆஸ்துமா இருக்கிறதா என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஆஸ்துமாக்காரருக்கு அது ஆகாது.

இதற்கெல்லாம் நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை. அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கே மனநலக் கேள்வித்தாள் கொடுத்துப் பார்ப்பார்கள், பல கிளினிக்குகளில் குடும்ப மருத்துவ நிபுணர் இருப்பார், அவரே மருந்தைத் தொடங்கலாம். தேவைப்பட்டால் ஈப்போ பொது மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புவார். 40 வயதும் அதற்கு மேலும் உள்ள, பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பத்தினருக்கு பெக்கா பி40 திட்டத்தின் இலவசப் பரிசோதனையில் மனநலமும் அடங்கும். பேச ஆள் வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண் இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் எந்த நேரமும் 03-7627 2929-இல் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை அழைக்கலாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில் குறித்துக்கொண்டு போவது நல்லது: தாக்கு எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டோம், என்ன குடித்தோம், எந்த மருந்து எடுக்கிறோம், அதற்குப் பிறகு எங்கெங்கே போவதை நிறுத்தினோம். அந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலைப் பலர் சொல்வதே இல்லை, வெட்கப்படுகிறார்கள். மருத்துவருக்கு அதுதான் மிகவும் உதவும். நெஞ்சு வலி என்று மட்டும் சொன்னால் இன்னொரு இ.சி.ஜி. எடுத்து அனுப்பிவிடுவார். "டாக்டர், மூனு மாசமா சந்தைக்குத் தனியாப் போக முடியல" என்று சொன்னால்தான் சரியான சிகிச்சை தொடங்கும். மலாயில் சொல்ல வராவிட்டால் வீட்டில் ஒருவரைக் கூட்டிப் போகலாம், அல்லது தமிழ் தெரிந்த தாதி இருக்கிறாரா என்று கவுண்டரிலேயே கேட்கலாம்.